ஒரு பட்டாள உடுப்புக்கு மூன்று வயது

நம்மூரில் பட்டாளத்து உடுப்பு என்றதும் மனதில் வருவது காக்கிதான். அந்தக் காக்கியும் நம் துணைக்கண்டத்தில் பிறந்ததே. 1846-இல் பெஷாவரில் 'கைட்ஸ்' படையைத் தொடங்கிய ஹாரி லம்ஸ்டன், வெயிலுக்கும் புழுதிக்கும் ஏற்ற மண் நிறத் துணியைத் தன் ஆட்களுக்குக் கொடுத்தார். 'காக்' என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் மண், தூசி. அந்தப் பெயரே நிறத்தின் பெயராக உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது.

இன்று நான் எழுத வந்தது காக்கிக்குப் பின் வந்த இன்னொரு துணியைப் பற்றி. பச்சை, பழுப்பு, மணல் நிறம் என்று திட்டுத்திட்டாகச் சாயம் ஏற்றிய உருமறைப்புச் சீருடை. இரண்டாம் உலகப் போரிலும் வியட்நாம் போரிலும் அணிந்த இந்த உடுப்புகளை இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தேடித்தேடிச் சேகரிக்கிறார்கள். நல்ல நிலையில் கிடைக்கும் சில மேலங்கிகளுக்கு நம் பணத்தில் பல லட்சம் ரூபாய் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. விலை அப்படி என்றால் போலி வராமல் இருக்குமா? வந்தது, ஏராளமாக வந்தது. அசலையும் போலியையும் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆலையில் துணியோடு நெடுநாள் புழங்கியவன் என்பதால், வரலாற்றோடு சேர்த்துத் துணியின் சங்கதியையும் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் இந்தத் துணி எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். 1914-இல் முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட பிரெஞ்சுச் சிப்பாய்கள் நீலக் கோட்டும் சிவப்புக் கால்சட்டையும் போட்டிருந்தார்கள். இயந்திரத் துப்பாக்கியின் முன்னால் சிவப்புக் கால்சட்டையோடு நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1915-இல் ஓவியர் லூசியன் விக்டர் கிராந் த ஸெவோலா தலைமையில் பிரெஞ்சுப் படை ஓர் உருமறைப்புப் பிரிவையே ஏற்படுத்தியது. ஓவியர்கள் பீரங்கிகளுக்கும் திரைகளுக்கும் வண்ணம் தீட்டினார்கள். ஆனால் சிப்பாய்க்கு உடுப்பாகப் போட அச்சடித்த துணி அப்போது இல்லை.

அதற்கு முதலில் வழி செய்தது இத்தாலி. 1929-இல் கூடாரத் துணியில் மூன்று நிறத் திட்டுகளை அச்சடித்தார்கள். 1931-இல் ஜெர்மனி அதே வேலையை வேறு வடிவில் செய்தது. கண்ணாடி உடைந்து சிதறியது போன்ற கூர்மையான துண்டுகளும், மேலே மழைக்கோடு போன்ற கீற்றுகளும் கொண்ட துணி அது. இரண்டுமே கூடாரத்துக்கென்று பிறந்த துணிகள். மழை வந்தால் சிப்பாய் அதையே மேலே போர்த்திக்கொள்வான். பிறகுதான் சட்டையாகவும் மேலங்கியாகவும் தைத்தார்கள். 1930-களின் இறுதியில் ஜெர்மனியின் வாஃபன் எஸ்.எஸ். படைக்கு, பேராசிரியர் ஷிக் உருவாக்கிய இலைத் திட்டு அச்சுகளில் இருபுறமும் அணியக்கூடிய மேலங்கிகள் வந்தன. ஒரு பக்கம் வசந்தகாலப் பச்சை, மறுபக்கம் இலையுதிர்காலப் பழுப்பு.

அமெரிக்காவின் கதை கொஞ்சம் சுவையானது. 1942-இல் பசிபிக் தீவுகளின் காடுகளுக்காக அவர்கள் கொண்டுவந்த அச்சை வரைந்தவர் நார்வெல் கில்லெஸ்பி. அவர் தோட்டக்கலைஞர், 'பெட்டர் ஹோம்ஸ் அண்ட் கார்டன்ஸ்' என்ற குடும்பப் பத்திரிகையின் தோட்டப் பகுதி ஆசிரியர். அந்த அச்சைச் சேகரிப்பாளர்கள் 'தவளைத் தோல்' என்று அழைக்கிறார்கள்.

பிரிட்டனில் பாராசூட் படைக்கு வந்ததுதான் டெனிசன் மேலங்கி. மேஜர் டெனிசன் என்ற உருமறைப்பு அதிகாரியின் பெயரால் அறியப்படுவது. மணல் நிறத் தடித்த துணியில், பெரிய தூரிகையால் இழுத்தது போல் பச்சைப் பட்டைகளும் செம்பழுப்புப் பட்டைகளும் இருக்கும். ஆரம்பகாலத் துணிகளில் கையாலேயே சாயம் தீட்டினார்கள். பிறகுதான் அச்சடிப்பு வந்தது. பச்சையும் பழுப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு கருநிறம் உண்டாகும். பின்புறம் ஒரு துணிவால் தொங்கும். குதிக்கும்போது காற்றில் அங்கி மேலே ஏறாமல் இருக்க, அதைக் கால்களுக்கு இடையே கொண்டுவந்து முன்பக்கம் டிச் பட்டனில் மாட்டிக்கொள்வார்கள்.

இவை ஏன் இன்று அரிதாக இருக்கின்றன என்றால், போரில் போட்ட உடுப்பு பெரும்பாலும் போரிலேயே கிழிந்து போகும். மிஞ்சியதைப் போருக்குப் பின் உழவர்களும் கூலியாட்களும் வேட்டைக்காரர்களும் வேலைக்குப் போட்டுக் கிழித்தார்கள். யாரும் அன்று பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு பழைய பட்டாள உடுப்பைக் கையில் எடுப்பவர் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். துணிக்கு என்ன வயது? தையலுக்கு என்ன வயது? அதோடு சேர்த்துச் சொல்லப்படும் கதைக்கு என்ன வயது? மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அது முழு அசல். ஏமாற்றுபவர்கள் செய்வதெல்லாம், ஒன்றின் வயதைக் காட்டி மற்ற இரண்டையும் நம்ப வைப்பதுதான்.

துணியின் வயதைப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர் காலத்து உருமறைப்புத் துணிகள் பெரும்பாலும் பருத்தி. சிலவற்றில் ரேயான் கலப்பு உண்டு. பாலியெஸ்டர் இருக்கவே முடியாது. மான்செஸ்டரின் காலிகோ பிரிண்டர்ஸ் நிறுவனத்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்துக் காப்புரிமை கேட்டது 1941-இல். ஆனால் அது டெரிலின் என்ற பெயரில் கடைக்கு வந்தது 1950-களில்தான். நம்மில் பலருக்கு முதல் டெரிலின் சட்டை தைத்துப் போட்ட பெருமை நினைவிருக்கும். ஆகவே 1944-ஆம் ஆண்டு உடுப்பு என்று சொல்லும் ஒன்றில் டெரிலின் இழை இருந்தால், அந்த இழை பின்னால் வந்தது. நைலான் அப்படி இல்லை. அது போருக்கு முன்பே வந்துவிட்டது, பாராசூட்டுக்கும் பயன்பட்டது. அதனால் நைலானைக் கண்ட மாத்திரத்தில் போலி என்று சொல்லிவிடக் கூடாது.

இழையை அறியப் பழைய முறை ஒன்று உண்டு. உள்பக்கத் தையல் விளிம்பிலிருந்து பிரிந்து நிற்கும் ஒரே ஓர் இழையை எடுத்துத் தீயில் காட்டுவது. பருத்தி சுடரோடு எரியும், காகிதம் கருகிய வாசனை வரும், மிஞ்சுவது தொட்டால் உதிரும் சாம்பல். பாலியெஸ்டர் சுருங்கி உருகும். ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். கம்பளி என்றால் மயிர் பொசுங்கும் நாற்றம். உருப்பெருக்கி இருந்தால் தீயே வேண்டாம். பருத்தி இழை முறுக்கிய நாடா போலத் தெரியும். பாலியெஸ்டர் வழவழப்பான கம்பி போல இருக்கும்.

அடுத்தது விளக்குச் சோதனை. பாங்கில் ரூபாய் நோட்டைச் சோதிக்க வைத்திருப்பார்களே, அந்தப் புற ஊதா விளக்குதான். இருட்டில் அதன் கீழே உடுப்பை வைத்தால், சில துணிகளும் நூல்களும் நீல வெள்ளையாக ஒளிரும். அதற்குக் காரணம் வெண்மையூட்டும் ரசாயனம். நம் வீடுகளில் வெள்ளை வேட்டிக்கு டினோபால் போட்ட காலம் ஞாபகம் வருகிறதா? அதே சரக்குதான். போருக்குப் பிந்தைய காலத்தில்தான் அது சலவைத் தூள்களிலும் ஆலைகளிலும் பரவலாகப் புகுந்தது. ஆகவே துணி மங்கலாக இருந்து, தையல் நூல் மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தால், அந்த நூல் புதிது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அசல் உடுப்பையே பிற்காலத்தில் யாராவது சர்ஃப் போட்டுத் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். மாறாக, இன்றைய கெட்டிக்காரப் போலிக்காரர்கள் வெண்மையூட்டி சேராத பருத்தியையும் நூலையும் தேடி வாங்குகிறார்கள், அது ஒளிராது. ஆக, இந்த விளக்கு சில குற்றவாளிகளைப் பிடிக்கும். ஆனால் நிரபராதி என்று யாருக்கும் சான்று எழுதிக் கொடுக்காது. மற்ற சோதனைகளுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

மூன்றாவது, நிறம் மங்கிய விதம். இயற்கையாகப் பழையதான உடுப்பு ஒரே சீராக வெளுக்காது. தோளும் முதுகும் வெயிலில் அதிகம் வெளுத்திருக்கும். காலருக்குக் கீழே, பாக்கெட் மூடிக்கு அடியில், மடித்துத் தைத்த விளிம்பின் உள்ளே பார்த்தால் சாயம் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். பிளீச் போட்டோ கல்லோடு சேர்த்துத் துவைத்தோ பழசாக்கிய உடுப்பில் எல்லா இடமும் சமமாக மங்கியிருக்கும். முழங்கை, கழுத்துப் பட்டி, பாக்கெட் ஓரம் என்று மனிதனின் உடம்பு உரசும் இடங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ரம்பத்தாள் போட்டுத் தேய்த்தவனுக்கு எந்த இடம் தேயும் என்பது பெரும்பாலும் தெரியாது. தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்குகிறவர்களும் உண்டு; அந்தக் கறை பாக்கெட்டின் உட்துணி வரை சீராகப் பரவியிருக்கும்.

இனி தையலின் வயது. துணி அசலாக இருந்து தையல் போலியாக இருக்க முடியுமா? முடியும். அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

முன்னே சொன்ன ஜெர்மன் கூடாரத் துணி முக்கோண வடிவில் லட்சக்கணக்கில் தயாரானது. மேலங்கியைவிட அது எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. அந்த அசல் துணியை வாங்கி, வெட்டி, மேலங்கியாகவும் தொப்பியாகவும் தைத்து விற்கிறார்கள். துணியைச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். குழப்பம் என்னவென்றால், போர்க்காலத்திலேயே படைப்பிரிவுத் தையல்காரர்கள் கூடாரத் துணியை வெட்டி உடுப்பு தைத்ததும் உண்மை. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்த பிறகு, அங்கிருந்த உருமறைப்புத் துணியை ஜெர்மானியர் கைப்பற்றித் தங்கள் ஆட்களுக்கு உடுப்பாகத் தைத்ததும் உண்மை. எனவே, 'கூடாரத் துணியில் தைத்தது' என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எப்போது தைத்தார்கள் என்பதே கேள்வி. அதற்கு நூலைப் பார்க்க வேண்டும். மெஷின் தையலின் அடர்த்தி, காஜா எடுத்த விதம், ஊசித் துளையைச் சுற்றியுள்ள துணி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எண்பது வருடத் தையலில் நூல் துணிக்குள் அழுந்தி உட்கார்ந்திருக்கும். தையலுக்கு அடியில் இருக்கும் துணி, வெளியே இருப்பதைவிடக் குறைவாக வெளுத்திருக்கும். அழுக்கும் வெளுப்பும் தையலைச் சட்டை செய்யாமல் அதன் அடியிலும் ஒரே சீராக ஓடினால், துணி பழசான பிறகுதான் ஊசி ஏறியது என்று அர்த்தம்.

டெனிசன் மேலங்கியை எடுத்துக்கொண்டால், வெட்டும் அமைப்பும் வருடத்தைச் சொல்லும். முதல் வகையில் பாதி ஜிப், மணிக்கட்டில் பின்னல் கம்பளிப் பட்டி. 1944-இல் வந்த இரண்டாம் வகையில் மணிக்கட்டுக்குப் பட்டன் போட்ட பட்டை வந்தது. 1959-ஆம் ஆண்டு வகையில் கழுத்திலிருந்து கீழ்வரை முழு ஜிப். இப்போது ஒருவர் பட்டன் பட்டை வைத்த அங்கியைக் காட்டி, 1943 ஜூலையில் சிசிலியில் குதித்தவருடையது என்றால், அங்கி அசலாகவே இருந்தாலும் கதை பொருந்தவில்லை. முழு ஜிப் இருந்தால் அது கட்டாயம் 1959-க்குப் பிந்தியது என்றும் அவசரப்படக் கூடாது. போர்க்காலத்திலேயே சில அதிகாரிகள் முழு ஜிப் வைத்து மாற்றிக்கொண்டார்கள். அப்போது ஜிப்பின் உலோகத்தையும், அதைத் தைத்த நூலையும், பழைய ஜிப் இருந்த துளைகளையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முத்திரைகளும் சீட்டுகளும் இன்னொரு சாட்சி. பிரிட்டிஷ் உடுப்பில் அளவு எண், தைத்த நிறுவனம், ஆண்டு, அரசுச் சொத்து என்பதைக் குறிக்கும் அம்புக்குறி இருக்கும். ஜெர்மனியில் போரின் பிற்பகுதியில் ஆலையின் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணை மட்டும் குத்தினார்கள். அமெரிக்காவின் வியட்நாம் காலச் சீட்டு இன்னும் வசதியானது. டி.எஸ்.ஏ. என்று தொடங்கும் ஒப்பந்த எண்ணின் நடுவே வரும் இரண்டு இலக்கம் நிதியாண்டு. 67 என்றிருந்தால் 1967. அந்த அலுவலகத்தின் பெயர் 1977-இல் டி.எல்.ஏ. என்று மாறியது. அதேபோல் பொருளின் சரக்கு எண் 1974 வரை 11 இலக்கம்; அதற்குப் பிறகு 13 இலக்கம். எனவே 13 இலக்க எண் அச்சடித்த சட்டையை 1968-இல் வியட்நாமில் போட்டது என்று ஒருவர் விற்க வந்தால், விரல் விட்டு எண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் சீட்டை ஒரு சட்டையிலிருந்து பிரித்து இன்னொன்றில் தைக்கவும் கைகள் உண்டு. சீட்டின் ஓரத்தில் பயன்படாத ஊசித் துளைகள் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

போலி என்று சொல்ல முடியாத, ஆனால் அசலும் அல்லாத ஒரு வகை இருக்கிறது. போருக்குப் பின் வேறு படைகள் உண்மையாகவே அணிந்த உடுப்புகள். பெல்ஜியப் படையினர் போர் முடிந்த பிறகும் டெனிசன் அங்கிகளை அணிந்தார்கள், பிறகு தாங்களே தைத்தும் கொண்டார்கள். மேற்கு ஜெர்மனியின் எல்லைக் காவல் படை 1950-களில் போர்க்கால அச்சையொட்டிய துணியைப் பயன்படுத்தியது. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையினர் பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் உருமறைப்பு உடுப்புகளை அணிந்தார்கள். அமெரிக்காவிலேயே தவளைத் தோல் அச்சை ஒட்டிய துணியில் வாத்து வேட்டைக்காரர்களுக்கான சட்டைகள் கடைகளில் விற்றன. இவை எல்லாவற்றுக்கும் சொந்த வரலாறு உண்டு, அவற்றைச் சேகரிப்பதிலும் குறைவில்லை. ஆனால் அந்த வரலாற்றுக்கு விலை கம்மி. அதனால் பெல்ஜியச் சீட்டைப் பிய்த்துவிட்டு பிரிட்டிஷ் அங்கி என்கிறார்கள். வேட்டைச் சட்டையை மரைன் சிப்பாயின் சட்டை என்கிறார்கள். அதேபோல், சினிமாவுக்கும் போர் நிகழ்ச்சிகளை நடித்துக் காட்டும் குழுக்களுக்கும் நேர்மையாகத் தைத்து, புதியது என்று சொல்லியே விற்ற உடுப்புகளும் நாலு கை மாறி, நாலு சலவை கண்ட பிறகு 'அசல்' ஆகிவிடுகின்றன.

எல்லாவற்றிலும் கடினமானது வியட்நாம் போரின் 'புலிக்கோடு' உடுப்பு. பிரெஞ்சு அச்சு ஒன்றின் வழியாகத் தென் வியட்நாம் படையில் உருவானது. அமெரிக்க அரசு அதைத் தன் படைக்கு முறையான சீருடையாக ஒருபோதும் ஏற்கவில்லை. அமெரிக்க ஆலோசகர்களும் சிறப்புப் படையினரும் உள்ளூரில் தைத்ததை வாங்கி அணிந்தார்கள். சாயமும் கோட்டின் அகலமும் பட்டறைக்குப் பட்டறை வேறு. பலவற்றில் சீட்டே கிடையாது. இருந்தாலும் ஆசிய அளவா, அமெரிக்க அளவா என்று காட்டும் ஓரிரு எழுத்துதான். ஒப்பிட்டுப் பார்க்க அரசாங்க மாதிரி என்று ஒன்று இல்லாததால், சேகரிப்பாளர்கள் தாங்களே கோடுகளை வகைபிரித்துப் பெயர் வைத்தார்கள். ஒரு வகைக்கு நடிகர் ஜான் வெய்னின் பெயர். 1968-இல் வந்த 'தி கிரீன் பெரெட்ஸ்' படத்தில் அவர் அணிந்ததால். மாதிரி இல்லாத இடத்தில் எதையும் 'அரிய வகை' என்று விற்றுவிடலாம். அப்படி ஒன்று நம்பிக்கையோடு புத்தகத்தில் ஏறிவிட்டால், அடுத்த தலைமுறை அதையே மாதிரியாக வைத்து அசலைப் போலி என்று தள்ளும். ஒரு போலி உடுப்பால் வாங்கியவரின் பணம் போவது ஒரு பக்கம். வரலாறே கோணலாகிப் போவதுதான் பெரிய நஷ்டம்.

மூன்றாவது வயது, கதையின் வயது. சேகரிப்பாளர்களிடையே ஒரு வழக்குச் சொல் உண்டு: பொருளை வாங்கு, கதையை வாங்காதே. அனுபவத்தில் பிறந்த சொல்.

1944 செப்டம்பரில் ஹாலந்தின் ஆர்ன்ஹெம் அருகே பிரிட்டிஷ் முதல் வான்வழிப் படைப்பிரிவு இறங்கியது. சுமார் பத்தாயிரம் பேர். ஒன்பது நாள் சண்டைக்குப் பிறகு ரைன் ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் ஏறக்குறைய 2,400 பேர்தான். மற்றவர்கள் இறந்தார்கள், அல்லது பிடிபட்டார்கள். அந்த ஊர்ப் பெயரை ஒரு டெனிசன் அங்கியோடு சேர்த்துச் சொன்னால் விலை பல மடங்கு ஏறும். பயிற்சி முகாமைத் தாண்டாத அங்கியும் அசல்தான். ஆனால் அதன் காலருக்குள் ஒரு பெயரையும் எண்ணையும் மையால் எழுதிவிட்டால், அது ஆர்ன்ஹெமுக்குப் போய்விடும். எழுதப்படும் பெயர் சில சமயம் உண்மையிலேயே அங்கே செத்த ஒரு பையனின் பெயராக இருக்கும். கல்லறைப் பட்டியலைப் பார்த்து எடுப்பார்கள். அவனுடைய குடும்பத்தில் யாராவது அந்த அங்கியைப் பார்த்துக் கண்ணீர் விட்டால், அந்தக் கண்ணீருக்கு என்ன விலை போடுவது?

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். நம்ப முடியாத கதை சில நேரம் உண்மையாக இருக்கும். தவளைத் தோல் அச்சு பசிபிக் தீவுகளுக்கானது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1944 ஜூலையில், பிரான்சின் நார்மண்டியில், அமெரிக்காவின் இரண்டாவது கவசப் படைப்பிரிவைச் சேர்ந்த சிலர் அதை அணிந்திருந்தார்கள். எதிரில் இருந்த வாஃபன் எஸ்.எஸ். ஆட்களும் உருமறைப்பு உடுப்பில் இருந்ததால், சொந்த ஆட்களே இவர்களை எதிரி என்று நினைத்துச் சுடும் நிலை வந்தது. சீக்கிரமே அந்த உடுப்பைத் திரும்பப் பெற்றார்கள். இதை நாம் நம்புவதற்குக் காரணம் அன்று எடுத்த புகைப்படங்கள்.

புகைப்படம் என்றதும் இந்தத் துணியின் ஒரு விசேஷத்தைச் சொல்ல வேண்டும். காக்கிச் சட்டை ஆயிரம் இருந்தால் ஆயிரமும் படத்தில் ஒன்றுபோல் இருக்கும். உருமறைப்புத் துணி அப்படியல்ல. துணியை அடுக்கி வெட்டும்போது திட்டுகள் எங்கே விழும் என்று யாரும் பார்த்து வெட்டுவதில்லை. ஒரு சட்டையில் பாக்கெட்டின் இடது மூலையில் பழுப்புப் பட்டை ஏறும். அடுத்த சட்டையில் அதே இடத்தில் பச்சை இருக்கும். கையால் தீட்டிய டெனிசனில் ஒன்று போல இன்னொன்று இருக்க வழியே இல்லை. அதனால், ஒரு சிப்பாய் அங்கியோடு நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படமும், அந்த அங்கியும் இரண்டும் கிடைத்தால், பட்டை பட்டையாக ஒப்பிட்டு இது அதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். கைரேகை பார்ப்பது போலத்தான். ஆளை மறைப்பதற்காகத் தீட்டிய சாயம், எண்பது வருடம் கழித்து ஆளை அடையாளம் காட்டுகிறது. மூன்று வயதையும் ஒன்றாகச் சேர்க்கும் சாட்சி இதைவிட நல்லதாக இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் நம்மிடம் உண்டு. அப்பாவோ மாமாவோ போட்டிருந்த உடுப்பு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கும் வீடுகளும் உண்டு. பெரும்பாலும் அது உருமறைப்பு உடுப்பாக இருக்காது. மேற்கு ஆசியப் பாலைவனத்துக்குப் போனவர் என்றால் காக்கி டிரில். பர்மா காட்டில் 14-வது படையில் இருந்தவர் என்றால் ஜங்கிள் கிரீன் என்ற ஒற்றைப் பச்சை. 1965, 1971 சண்டைகளுக்குப் போனவர் என்றால் ஆலிவ் பச்சை. எந்த நிறமானாலும் மேலே சொன்ன மூன்று வயதுக் கணக்கு இதற்கும் பொருந்தும்.

அப்படி ஒன்று வீட்டில் இருந்தால், தயவுசெய்து துவைக்காதீர்கள். சலவைத் தூள் ஒரே தடவையில் துணியின் சாட்சியத்தைக் குழப்பிவிடும். கஞ்சி போட்டு இஸ்திரி போட வேண்டாம். கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும். பட்டன் விழுந்திருந்தால் புதுப் பட்டன் தைக்காமல், விழுந்ததை ஒரு சின்ன உறையில் போட்டுக் கூடவே வையுங்கள். கிழிசலுக்கு ஒட்டுப் போடவும் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் திணிக்காமல், பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, அந்துருண்டை துணியில் நேரடியாகப் படாமல் வையுங்கள். மடிப்பை வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஒரே இடத்தில் இற்றுப் போகாது.

துணியையும் தையலையும் நாளைக்கு எந்த நிபுணரும் பார்த்துச் சொல்லிவிடுவார். கதையை அவரால் சொல்ல முடியாது. ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள். யார் அணிந்தது, எந்தப் படைப்பிரிவு, பட்டாள எண் தெரிந்தால் அது, எந்த வருடம் சேர்ந்தார், எப்போது திரும்பினார், பெட்டி யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது. நிச்சயமாகத் தெரிந்ததை நிச்சயம் என்றும், கேள்விப்பட்டதைக் கேள்வி என்றும் பிரித்து எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். அலங்காரத்துக்காக ஒரு போர்க்களத்தைச் சேர்க்க வேண்டாம். அந்த உடுப்போடு அவர் நிற்கும் படம் ஆல்பத்தில் இருந்தால், ஒரு நகல் எடுத்துத் தாளோடு வையுங்கள். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிடுங்கள். இதை எழுதக்கூடியவர்கள் நம் வயதுக்காரர்கள்தான்; பேரப்பிள்ளைகளிடம் பெட்டி மட்டும்தான் போய்ச் சேரும்.